பன்னிரண்டு கதிரைகளும் ஒரு தேத்தண்ணி நேரமும்

கதிரை மெத்தை ஒன்றைப் புதிதாய் அடித்து முடித்ததும் கிறேஸ் செய்கிற முதல் காரியம், அதில் ஏறி இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பது. அவசரமாக அல்ல. பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, கோப்பையின் அடி தெரியும் வரைக்கும். முதல் மிடறில் எந்தக் கதிரையும் நல்ல கதிரைதான் என்பது அவளுடைய கணிப்பு. பாதிக் கோப்பைக்குப் பிறகுதான் நாடா தளர்கிறதா, தும்பு ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா, எந்த மூலையில் சட்டம் இடிக்கிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியவரும். தேத்தண்ணி முடிந்தும் இடுப்பு நகரப் பார்க்கவில்லை என்றால் வேலை சரி. நகரப் பார்த்தால் ஆணியைக் கழற்றிவிடுவாள்.

தாழைமுனையில் இது ஊரறிந்த விஷயம். ஓட்டோ சீட்டைத் தைக்கக் கொடுத்தவர்கள் படலையில் நின்றே கேட்பார்கள்: “என்ன கிறேஸக்கா, தேத்தண்ணி குடிச்சாச்சோ?” ஓம் என்றால் சீட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

இந்தப் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது கடலுக்கு அந்தப் பக்கம். தொண்ணூறில், பதினைந்து வயதில், குடும்பத்தோடு வள்ளம் ஏறி அக்கரைக்குப் போனவள். மண்டபம் முகாமில் இருந்து தினமும் பஸ் பிடித்து, இராமநாதபுரத்தில் ஓட்டோ சீட் தைக்கிற கடை ஒன்றுக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். கிழிந்த சீட்டுகளைப் பிரித்துப் போடுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. பிரிக்கப் பிரிக்க, எப்படி அடித்திருக்கிறார்கள் என்பது தானாய்ப் புரிந்தது. ஒரு நாள், நாரி வலிக்கிறது என்று ஒரு டிரைவர் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தார். முதலாளி அளவுகோலை வைத்து அளந்து காட்டி, எல்லாம் சரி, உன் முதுகில்தான் கோளாறு என்றார். கிறேஸ் யாரையும் கேட்காமல் ஏறி அந்தச் சீட்டில் இருந்தாள். சிறிது நேரம் கழித்து, “வலது பக்கம் ஒரு விரல் தாழுது” என்றாள். பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே பலகை வெடித்திருந்தது. அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, அளவுகோல் ஏமாறும். மற்றது, முதலாளியும் ஏமாறுவார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் கணவன் சுவக்கீனோடு ஊர் திரும்பினாள். சுவக்கீன் கரைவலை இழுக்கப் போனான். அவள் முற்றத்துப் பூவரசின் கீழ் நாலு தகரத்தைப் போட்டு, ஒரு தையல் மெஷினோடு கொட்டில் ஒன்றைத் தொடங்கினாள். பேசாலையில் இருந்தும் எருக்கலம்பிட்டியில் இருந்தும் வேலை வரும். இந்த உப்புக் காற்றில் இரும்பாணி இரண்டு வருஷத்தில் துருவேறித் துணியையும் தின்றுவிடும். ஆகவே வள்ளம் கட்டுகிறவர்களிடம் சொல்லிவைத்துச் சின்னச் செப்பாணி வாங்கித்தான் அடிப்பாள். அவள் அடித்த மெத்தை எதுவும் திரும்பி வந்ததில்லை.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியதும் பங்குத் தந்தை ஃபாதர் நிரூபன் தானே வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர், ஊருக்கு வந்து ஏழு மாதம்.

“அக்கா, பங்குமனையில கிடக்கிற பன்னிரண்டு கதிரையையும் பெரிய வியாழனுக்கு முன்னம் சரிக்கட்டித் தரவேணும். ஏலுமோ?”

“அந்தக் கதிரையளோ?” என்றாள் கிறேஸ். “மூப்பருக்குத் தெரியுமோ, ஃபாதர்?”

“தெரியும். ஊரில வேற ஆர் செய்யிறது எண்டு அவரும் கேட்டவர்.”

கோயில் காரியங்களுக்குத் தலைவரான மூப்பரைப் பற்றி அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வெள்ளைக்காரச் சுவாமிமார் காலத்தில் பங்குமனைச் சாப்பாட்டு மேசைக்கென்று முதிரை மரத்தில் செய்த கதிரைகள் அவை. மேசை எப்போதோ போய்விட்டது. சுவாமிமார் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சாப்பிடப் பழகிவிட்டார்கள். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், பெரிய வியாழன் பின்னேரம், அந்தப் பன்னிரண்டும் பீடத்துக்கு முன்னால் வரும். அப்போஸ்தலர்களின் இடத்தில் பன்னிரண்டு ஆண்கள் இருப்பார்கள். குருவானவர் குனிந்து அவர்களுடைய பாதங்களைக் கழுவுவார்.

பன்னிரண்டு கதிரைக்கும் பன்னிரண்டு குடும்பம். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் குடும்பப் பெயர் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு. பன்னிரண்டும் சம்மாட்டிமார் குடும்பங்கள், வலைக்குச் சொந்தக்காரர்கள். தகப்பன் இருந்த கதிரையில் மகன் இருப்பான். அந்த வலைகளை இழுக்கிற குடும்பங்களில் இருந்து இதுவரை ஒருவர்கூட இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால் சாதி என்று எவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். வழக்கம் என்பார்கள். செய்கிற அநியாயத்துக்குப் பெயர் வைக்கக் கூச்சமாக இருக்கிறபோது மனிதன் கண்டுபிடித்த சொல் அது. பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று உரோமையில் விதியைத் திருத்திப் பல வருஷமாகிறது. ஃபாதர் நிரூபன் அதைப் பங்குச்சபையில் ஒரு தடவை வாசித்தார். “நல்லது ஃபாதர், பிறகு கதைப்பம்” என்று சபை எழுந்து போய்விட்டது.

பாதம் கழுவுவது எதற்கு? பெரியவன் சிறியவன் இல்லை என்று காட்டுவதற்கு. அந்தச் சடங்கில் இருப்பதற்கே பெரியவனாக இருக்கவேண்டும் என்று ஆக்கிவைத்திருந்தது தாழைமுனை.

கதிரைகள் வந்து இறங்கின. மெத்தை, கதிரையோடு சேர்ந்ததல்ல. தனிச் சட்டமாக, கதிரையின் நாலு பக்கப் பள்ளத்துக்குள் இறங்கிப் படிகிற மாதிரிச் செய்தது. கையால் செய்த கதிரை என்பதால் ஒன்றின் அளவு மற்றதற்கு இராது. செய்த தச்சனுக்கு அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு கதிரையின் உட்புறத்திலும், அதற்குரிய சட்டத்தின் அடியிலும் உளியால் கோடு கீறி வைத்திருந்தான். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று பன்னிரண்டு வரைக்கும்.

கிறேஸ் முதலாவது மெத்தையைப் பிரித்தாள். பச்சை றெக்சின். அதன் கீழ் சிவப்பு றெக்சின். அதற்கும் கீழ் மக்கிப்போன ஒரு துணி. அதையும் உரித்தபோது, காய்ந்த தும்புக்கு நடுவில் எலிக்கூடு ஒன்று; மெழுகுதிரித் துண்டும் புளியங்கொட்டையும் கடித்துக் குதறிய செபப் புத்தகத் தாளும்.

“இஞ்சாருங்கோ,” என்று சுவக்கீனைக் கூப்பிட்டாள். “அப்போஸ்தலர் ஆருக்கு மேல இருந்தவை எண்டு வந்து பாருங்கோ.”

சுவக்கீன் எட்டிப் பார்த்துவிட்டு, “மெல்லக் கதை,” என்றான். “அது மூப்பற்ர கதிரை.”

மூப்பர் அமிர்தநாயகத்தின் வலையில்தான் சுவக்கீன் இழுத்தான்.

மூன்று கிழமை வேலை. பன்னிரண்டு சட்டத்தையும் சுரண்டி வெயிலில் வைத்தாள். நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னி, செப்பாணி அடித்தாள். மேலே புதுத் தும்பு, ஒரு விரல் கனத்துக்கு ஸ்பொஞ்ச், வெள்ளைச் சீலைத்துணி, கடைசியாகக் கருஞ்சிவப்பு றெக்சின். பிறகு சட்டங்களைக் கதிரைகளில் இறக்கி, வழமை போல ஒவ்வொன்றிலும் இருந்து தேத்தண்ணி குடித்தாள். ஒரு நாளைக்கு நாலு வீதம் மூன்று நாள். நாலாவது கதிரையும் ஒன்பதாவதும் அவளைத் திருப்திப்படுத்தவில்லை. திரும்பவும் பிரித்து அடித்தாள். முதலாவதை, தகட்டில் மூப்பரின் குடும்பப் பெயர் இருந்ததை, கடைசிக்கு விட்டாள். அதன் வலது முன்கால் சற்று ஆடியதால் பிசின் காயவேண்டியிருந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் காலை, அந்தக் கதிரையில் இருந்து அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. மூப்பர்.

கிறேஸ் எழும்பவில்லை. கோப்பையில் பாதி இருந்தது; இடது மூலையில் ஏதோ சொல்ல வருவது போல இருந்தது; அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“எதில இருக்கிறாய் எண்டு தெரியுமோ?” என்றார் மூப்பர்.

“ஓம் மூப்பர். முதலாவது. முன்கால் ஆடினது. இப்ப சரி.”

“எழும்பு முதல்ல.”

“இன்னும் பாதித் தேத்தண்ணி கிடக்கு.”

“கிறேஸ்!”

அவள் எழுந்தாள். மூப்பரின் முகம் சிவந்திருந்தது. மற்றக் கதிரைகளைப் பார்த்தார். “எல்லாத்திலயும் இருந்தனியோ?”

“இருக்காமல் என்னெண்டு தெரியும்? கதிரை இருக்கிறதுக்குத்தானே.”

“எங்கட அப்பு இருந்த கதிரை. அவற்ர அப்பு இருந்தது. வேத காரியம். பொம்பிளை, அதுவும்…” என்று நிறுத்தினார்.

“அதுவும்?”

“ஒண்டுமில்லை. மேல் றெக்சினைக் கழட்டிப்போட்டுப் புதுசா அடி. ஃபாதரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பிக்கிறன். வேற கதை வேண்டாம்.”

“நான் இருந்ததால கழட்டோணுமோ?”

“மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. நான் வேற ஒண்டும் சொல்லயில்லை.”

கிறேஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். கொட்டிலின் மூலையில் இருந்து ஒரு சாக்கை இழுத்துவந்து அவர் காலடியில் அவிழ்த்தாள். பழைய தும்பும் மக்கிய துணியும் எலிக்கூடும் கொட்டின.

“இது உங்கட மெத்தைக்குள்ள கிடந்தது மூப்பர். எத்தினை வருஷமோ தெரியாது. குட்டி போட்டு வளர்த்திருக்குது. எலி இருந்த நேரம் ஒருத்தருக்கும் மரியாதை கெடயில்லை. நான் இருந்த உடன கெட்டுப்போச்சோ?”

திரும்பி நடந்த மூப்பர், படலையடியில் நின்று சுவக்கீனைப் பார்த்தார்: “நீ உன்ர மனிசிக்குச் சொல்லி வை.”

அன்றைக்கு மத்தியானம் சுவக்கீன் சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தான். “ஒரு றெக்சின்தானே கிறேஸ்,” என்றான். “அடிச்சுக் குடுத்தால் முடிஞ்சுது. நாளண்டைக்கு நான் அந்த ஆளின்ர வலைக்குத்தான் போகோணும்.”

“வேலை பிழையெண்டால் பன்னிரண்டையும் கழட்டுவன்,” என்றாள் கிறேஸ். “நாலாவதை நானாத்தானே கழட்டினனான். நான் இருந்தது பிழையெண்டு ஒரு ஆணி கழட்டினாலும், பிறகு ஒரு கதிரையிலயும் நான் இருக்கேலாது. இருக்காமல் எனக்கு இந்த வேலை தெரியாது.”

அவளுக்கு விஷயம் அவ்வளவுதான். அப்போஸ்தலர் யார், அந்தக் கதிரையில் தன் ஆட்களுக்கு எப்போது இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுடைய பேச்சில் வரவே இல்லை. தன் உடம்பு ஒரு கருவி. அதை அழுக்கென்று சொல்ல எவருக்கும் அவள் இடம்கொடுக்கத் தயாரில்லை.

பின்னேரம் ஃபாதர் நிரூபன் வந்தார். பாவம், இரண்டு பக்கமும் சமாதானம் வேண்டும் அவருக்கு.

“அக்கா, றெக்சினைக் கழட்ட வேண்டாம். நான் சும்மா ஒருக்காத் தீர்த்தம் தெளிச்சுவிடுறன். எல்லாச் சாமானுக்கும் தெளிக்கிறதுதானே.”

“தெளியுங்கோ ஃபாதர். றெக்சின், நனைஞ்சாலும் ஒண்டும் ஆகாது. ஆனால் எதுக்குத் தெளிக்கிறீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?”

பூவரசில் காகம் ஒன்று கரைந்தது. அப்போதுதான், மூலையில் கிழிந்த வலைத்துண்டைப் பொத்திக்கொண்டிருந்த சுவக்கீன், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“அவள் கழட்டமாட்டாள் ஃபாதர். தெளிக்கவும் வேண்டாம். மூப்பரிட்ட நான் சொன்னதெண்டே சொல்லுங்கோ.”

கிறேஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

“அப்ப நான் தெளிக்கயில்லை,” என்றார் ஃபாதர், ஏதோ பாரம் இறங்கியவர் போல.

திங்கட்கிழமை கிறேஸ் கடைசி வேலையில் இருந்தாள். சட்டங்களை மறுபடி வெளியே எடுத்து, தும்பு கொட்டாமல் இருக்க அடியில் கறுப்புச் சீலை வைத்து அடிக்கிற வேலை. பன்னிரண்டையும் முடித்து, சுவரோரம் ஒழுங்கு முறையாகச் சாத்தி வைத்திருந்தாள். செவ்வாய் காலையில் படலையில் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று வந்து நின்றது. மூப்பரும் மூன்று ஆட்களும். றெக்சின் மாறாது என்று ஃபாதர் அவருக்குச் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு நாள் அங்கே கிடந்தால் அவள் இன்னும் ஒரு தேத்தண்ணி குடித்துவிடுவாள் என்ற பயமாக இருக்கலாம்.

“நாளைக்கு நானே வந்து இறக்கித் தாறன் மூப்பர். சட்டங்களைக் கலந்துபோடாதேங்கோ. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கதிரை.”

“கதிரைக்கு மெத்தை வைக்க எனக்கு நீ படிப்பிக்கிறியோ?” என்றார் மூப்பர். ஆட்கள் கதிரைகளை ஒரு பக்கமும் சட்டங்களை ஒரு பக்கமுமாக, தேங்காய் ஏற்றுவது போல ஏற்றினார்கள். தச்சன் கீறிய கோடுகள் புதுக் கறுப்புச் சீலைக்குள் மறைந்திருந்தன. கிறேஸ் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

பெரிய வியாழன் பின்னேரம் மூன்று மணி. பூசைக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கோயிலைப் பார்க்கிற சங்கிலித்தாம் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“பிள்ளை கிறேஸ், சாமானோட ஒருக்கா வா. கதிரையெல்லாம் கத்துது.”

“என்னெண்டு?”

“ஒத்திகைக்கு எல்லாரும் இருந்தவை. கிறீச்சு கிறீச்செண்டு ஒரே சத்தம். ரெண்டு மெத்தை இறங்கவே மாட்டனெண்டு மேல நிக்குது. மூண்டாம் கதிரையில இருந்தவர் மெத்தையோட உள்ளுக்குப் போயிட்டார். இழுத்துத்தான் எடுத்தது.”

சுவக்கீன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஆர் என்னை வரச்சொன்னது?”

சங்கிலித்தாம் தயங்கினார். “மூப்பர்தான்.”

வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மெத்தைகள் அவள் அடித்தவை. பிழையான கதிரையில் கிடந்து கத்தினாலும் ஊர் அவள் பெயரைத்தான் சொல்லும். சுத்தியலையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். சுவக்கீனும் பின்னால் நடந்தான்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகளும் வளைவாக நின்றன. வெள்ளை உடுப்போடு பன்னிரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். பின்பக்கத்து வாங்குப் பலகைகளில் நேரத்தோடு வந்துவிட்ட சனம், பெண்கள்தான் அதிகம். கிறேஸ் எல்லாச் சட்டங்களையும் கழற்றினாள். ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து, கறுப்புச் சீலைக்கு மேலால் பெருவிரலை ஓட்டினாள். கோடுகள் விரலுக்குத் தெரிந்தன. இது ஏழு. இது இரண்டு. இது பதினொன்று. கால் மணித்தியாலத்தில் ஒவ்வொரு சட்டமும் தன் கதிரைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எதுவும் முழுதாய்ப் படியவில்லை. புதுச் சீலையின் கனம் ஓரங்களில் பிடித்தது.

அவள் நிமிர்ந்தாள். “இனி இருந்து படிய வைக்கோணும். சுத்தியலால அடிச்சால் மரம் வெடிக்கும். ஆர் இருக்கிறது?”

மூப்பர் ஒருவருக்குக் கண் காட்டினார். அவர் வந்து நாலாம் கதிரையில் இருந்தார். கிறீச்.

“எந்த மூலை பிடிக்குது?” என்றாள் கிறேஸ்.

“மூலையோ? தெரியாது. இருக்கிறன், அவ்வளவுதான்.”

“முன்னுக்கோ பின்னுக்கோ?”

“எனக்கென்ன தெரியும் பிள்ளை? சத்தம் வருகுது.”

அடுத்தவரும் இருந்தார். அவருக்கும் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாய் இருந்த குடும்பங்கள்; தாங்கள் எதில் இருக்கிறோம் என்று உடம்பால் அறிந்தவர் எவரும் இல்லை. ஃபாதர் நிரூபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிறேஸ் சுத்தியலைப் பைக்குள் போட்டாள்.

“நான் என்ன செய்யிறது மூப்பர்? நீங்கள் சொல்லுங்கோ.”

மூப்பர் கதிரைகளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். பிறகு தொண்டைக்குள் ஏதோ சொன்னார்.

“கேக்கயில்லை மூப்பர். பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கும் கேக்கட்டும்.”

“இருந்து பார், கிறேஸ்!” என்றார் மூப்பர் அமிர்தநாயகம். சுவர்களில் பட்டு அது இன்னொரு தரம் கேட்டது.

கிறேஸ் இருந்தாள். பன்னிரண்டாம் கதிரையில் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பை மெல்ல இடமும் வலமும் சாய்த்து, பிடிக்கிற மூலையைக் கண்டுபிடித்து, எழுந்து, உளி முனையால் சீலையின் மடிப்பை ஒதுக்கி, திரும்பவும் இருந்தாள். ‘டொக்’ என்ற சின்னச் சத்தத்தோடு சட்டம் பள்ளத்தில் படிந்தது. பிறகு பதினொன்று. பிறகு பத்து. பீடத்துக்கு முன்னால், ஒவ்வொரு கதிரையிலும், அவசரமே இல்லாமல். வாங்குகளில் இருந்த பெண்கள் செபத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். அவள் முதலாவது கதிரைக்கு வந்தபோது கூட்டத்துக்குள் இருந்து பக்கத்து வீட்டு மாக்கிறட்டின் குரல் கேட்டது:

“கிறேஸ், தேத்தண்ணி கொண்டரட்டோ?”

கோயில் சிரித்தது. ஃபாதர் நிரூபன் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

“வேண்டாமடி,” என்றாள் கிறேஸ் கண் திறக்காமலே. “இதில முதலே பாதி குடிச்சனான்.”

மற்றப் பாதி நேரத்தையும் இருந்து முடித்த பிறகுதான் எழுந்தாள். அன்று சனிக்கிழமை இடது மூலை சொல்ல வந்தது என்ன என்று இப்போது தெரிந்தது. ஓர் ஆணித் தலை ஒரு நூலளவு தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் தட்டி இறக்கினாள். ஃபாதர் கிட்ட வந்து, மெல்ல, “அக்கா, நீங்களும் ஒரு கதிரையில…” என்று தொடங்கினார்.

“என்ர காலை நான் கழுவிப்போட்டுத்தான் வந்தனான் ஃபாதர்,” என்றாள் அவள். “கடைசி வாங்கில இருந்து கேக்கிறன். சத்தம் வந்தால்தான் எனக்கு வேலை.”

ஐந்து மணிக்குப் பூசை தொடங்கியது. நேரம் வந்ததும் பன்னிரண்டு பேரும் வரிசையாய் வந்தார்கள். மூப்பர் தன் கதிரைக்கு முன்னால் வந்து, சால்வை நுனியால் இருக்கையைத் துடைக்கக் குனிந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இருந்தார்.

ஃபாதர் நிரூபன் குவளையோடு ஒவ்வொருவராகப் போனார். கடைசி வாங்கில் கிறேஸ் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி இருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஒன்பதாம் கதிரை வரைக்கும் அப்படித்தான். ஒன்பதாவதில், குருவானவர் காலைத் தூக்கியபோது, ‘கிறிக்’ என்றது.

சுவக்கீன் பதறி அவள் பக்கம் குனிந்தான். “என்ன, மெத்தையோ?”

கிறேஸ் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வாங்கில் வசதியாய்ச் சாய்ந்துகொண்டாள்.

“கதிரை இல்லை,” என்றாள். “சம்மாட்டியின்ர முழங்கால்.”